உண்ணிக் காய்ச்சல் வந்த வீட்டில் பால் வாங்கக் கூடாதா?

பாலாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். அம்மாவுக்கு 61 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை, அதோடு ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை. இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் பதினொரு வீடுகளுக்கு அம்மாதான் இரு வேளையும் பால் ஊற்றுவார்.

கார்த்திகை கடைசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் சுக்குக் கஷாயமும் மருந்துக்கடை மாத்திரையுமாகப் போயிற்று. மூன்றாம் நாள் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ரத்தத் தட்டணுக்கள் 70 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தன. டெங்குவாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. ஊசி மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் மாலை அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சர்க்கரை 380. என்னைப் பார்த்து "நீ யாரம்மா?" என்று கேட்டார். அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அன்றிரவே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இரவுப் பணியில் இருந்த செவிலியர் செய்ததை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். ஊசி குத்துவதற்கு முன்பே திரைச்சீலையை இழுத்துவிட்டு, கைப்பேசி விளக்கைப் போட்டு, அம்மாவின் காது மடலுக்குப் பின்னால், அக்குளில், மார்புக்குக் கீழே என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். பாவாடை நாடாவைத் தளர்த்தினார். இடது இடுப்பில், நாடா அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்த கோட்டின் மேலேயே, பாதிப் புளியங்கொட்டை அளவுக்குக் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சிவந்த வளையம். தொட்டால் அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. "இது எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும், எத்தனை நாள் என்று. காய்ச்சல் வருவதற்கு மூன்று நாள் முன்பே அம்மா என்னிடம் காட்டினார். "நாடா அறுத்துவிட்டது பார்" என்றார். நான்தான் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி, முடிச்சைத் தளர்த்திக் கட்டிவிட்டேன். மூன்று நாள் தனியார் மருத்துவமனையில் கிடந்தபோது ஒருவரும் அந்த நாடாவை அவிழ்த்துப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாடாப் புண்ணை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். ஸ்க்ரப் டைபஸ் என்று சீட்டில் எழுதினார்கள். டாக்ஸிசைக்கிளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் விட்டது. மறுநாள் காலை கண் விழித்து, "மாட்டைக் கறந்தாயா?" என்று கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. நாங்கள் வீடு வந்த இரண்டாம் நாள் சுகாதார ஆய்வாளரும் இரண்டு பணியாளர்களும் வந்தார்கள். அம்மா எங்கே புல் அறுப்பார், மாடு எங்கே மேயும் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, கொல்லையைச் சுற்றிப் பார்த்து, பக்கத்து வீடுகளிலும் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அன்று மாலையே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "உண்ணிக் காய்ச்சலாம், மாட்டு உண்ணியில் வந்ததாம்" என்று ஒருவர் சொல்ல, மறுநாள் காலை ஏழு வீடுகள் பாலை நிறுத்திவிட்டன. அண்ணி தன் நான்கு வயது மகனை அம்மாவிடம் விடுவதில்லை. அவன் பிறந்த நாள் முதல் அம்மாவின் அருகில்தான் தூங்கினான்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. மருத்துவமனை எங்கள் விவரத்தை ஏன் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தது? நாங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமா? இது ஒட்டுகிற நோயா? பாலில் வருமா? அம்மாவுக்கு இப்போது இரு வேளை இன்சுலின் போடுகிறோம். இதற்கு முன் மாத்திரை மட்டும்தான். இனிமேல் எப்போதும் ஊசிதானா? கொல்லையில் எலித்தொல்லை அதிகம். விறகு அடுக்குக்குப் பின்னால் பெருச்சாளி வளை இருக்கிறது. எலிப்பசை வாங்கி வைத்துவிடலாமா?

யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அம்மா நேற்று மீந்த பாலை உறை ஊற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மலையடிவாரம்:

ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து எழுதுகிறேன் அக்கா. என் கணவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே காய்ச்சல் வந்தது. அவருக்குப் பொருக்கு தொடை இடுக்கில் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் அவரோடு ஒரே பாயில் படுத்தேன், ஒரே தட்டில் சாப்பிட்டேன். பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம், பால் குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. உங்கள் அண்ணியிடம் என்னைச் சாட்சி சொல்லுங்கள். குழந்தையை அம்மாவிடம் விடச் சொல்லுங்கள், பாவம்.

கல்லுக்கட்டு:

சகோதரி, இந்த மாதிரி நோய்ப் பெயர் வெளியே தெரிந்தால் ஊர் வாயை மூட முடியாது. இனி யார் கேட்டாலும் சாதாரண விஷக்காய்ச்சல் என்றே சொல்லிவிடுங்கள். ஆய்வாளர் மறுபடி வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். கொல்லைக்கு ஒரே வழி, காய்ந்த புதரைக் கொளுத்திவிட்டு, வளை வாயில் எலிப்பசையை ரொட்டித் துண்டில் தடவி வைப்பதுதான். இரண்டே நாளில் எலி ஒழிந்துவிடும்.

பழைய சுகாதார ஆய்வாளர்:

மகளே, நான் 34 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவன். திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில்தான் பெரும்பாலும் வேலை. உன் கேள்வியைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தப் பெயர். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்களில் எழுதி எழுதி நிலைத்துவிட்டது. நம் ஊரில் உண்ணி என்றால் மாட்டின் காதிலும் மடியிலும் கொட்டைமுத்துப் போல ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமே, அதுதான் எல்லோருக்கும் கண்முன் வரும். இந்தக் காய்ச்சலுக்கும் அந்த உண்ணிக்கும் தொடர்பில்லை. உன் மாடுகள் குற்றமற்றவை. கத்தரிச் செடியிலும் வெண்டைச் செடியிலும் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி வரும், பார்த்திருப்பாய். அதற்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க ஒரு பூச்சி மண்ணில் வாழ்கிறது. வளர்ந்த பூச்சி மனிதரைத் தொடாது. மண்ணுக்குள் மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று பிழைக்கும். அதன் குஞ்சுதான் கடிக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் அளவு. ஊசி முனையில் ஒட்டிய மிளகாய்த்தூள் என்று நினைத்துக்கொள். புல் நுனிக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். எலி உரசிப்போனால் எலியின் காதில் ஏறும். உன் அம்மா வரப்பில் உட்கார்ந்து புல் அறுத்தால் சேலையில் ஏறி, துணி எங்கே இறுகி நிற்கிறதோ அங்கே போய் நிற்கும். நாடாக் கோட்டில் பொருக்கு இருந்ததற்குக் காரணம் அதுதான். கடித்தது தெரியாது, வலிக்காது. ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் காட்டும்.

அந்தக் குஞ்சு தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் இப்படி உணவெடுக்கும். அதற்குப் பிறகு மண்ணில் விழுந்து வளர்ந்துவிடும். அப்படியானால் கிருமி அதற்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுகிறது. ஆகவே உன் அம்மாவிடமிருந்து பேரனுக்குப் போக வழியே இல்லை. தும்மலில் இல்லை, எச்சிலில் இல்லை, பாலில் இல்லை. அண்ணியிடம் இதைச் சொல். என் பெயரைச் சொல்ல வேண்டாம், இந்தப் பூச்சியின் கதையைச் சொல்.

அடுத்தது, தகவல் கொடுத்தது. மருத்துவமனை உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. தொற்றுநோய்களைத் தெரிவிக்க வேண்டும் என்பது நம் மாநிலத்தில் நேற்று வந்த வழக்கமல்ல. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் முதல் இருக்கிறது. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் இத்தகைய காய்ச்சல்களை ஒழுங்காகத் தெரிவித்து வருகின்றன. காசநோயைத் தனியார் மருத்துவர்களும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ல் ஆணை வந்தது. என்னை வேலைக்குச் சேர்த்துப் பழக்கிய பெரியவர் பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்தவர். 1975-ல் பெரியம்மை நோயாளி பற்றித் தகவல் தந்தால் 1000 ரூபாய் பரிசு என்று சுவரில் எழுதியதைச் சொல்லுவார். அன்று அது ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிடக்கூடிய பணம். ஒரே ஒரு நோயாளியைக்கூட விட்டுவிடக் கூடாது என்பதற்காக அரசாங்கம் அவ்வளவு கொடுத்தது.

தெரிவித்தால் என்ன பயன் என்று கேட்பாய். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஓர் ஆண்டு தை மாதத்தில் என் பகுதியிலிருந்து மூன்று பேர் மூன்று வெவ்வேறு மருத்துவமனைகளில் இதே நோயோடு சேர்ந்திருந்தார்கள். மூன்று மருத்துவர்களுக்கும் அவரவர் நோயாளி மட்டும்தான் தெரியும். மூன்று தாளும் என் மேசைக்கு வந்தபோதுதான் மூவரும் ஆடு மேய்ப்பவர்கள், மூவரும் ஒரே ஏரிக்கரையின் மேற்குப் பக்கம் மத்தியானம் படுத்துத் தூங்குபவர்கள் என்பது தெரிந்தது. இந்தப் பூச்சி ஊர் முழுக்கப் பரவலாக இருக்காது. தீவு தீவாக இருக்கும். ஒரு வரப்பில் இருக்கும், அடுத்த வரப்பில் இருக்காது. அந்தக் கரையில் நூறு நாள் வேலைப் பெண்களும் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சொன்னோம்: காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்காதீர்கள், நேராக ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், கரையில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு பேர் வந்தார்கள். நால்வரும் இரண்டாம் நாளிலேயே மாத்திரையோடு குணமாகிவிட்டார்கள். ஒருவரும் உன் அம்மாவைப் போல மூச்சுத் திணறவில்லை. அந்த மூன்று தாள் வராமலிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

ஆய்வாளர் உன் வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கே புல் அறுப்பார் என்று கேட்டதும் அதற்காகத்தான். ஆனால் அவர் தெருவில் நின்று நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் அது தவறு. நோயாளியின் பெயரை ஊருக்குச் சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. காய்ச்சல் விசாரணை என்று மட்டும் சொல்லிக் கேட்க வேண்டும். இதை அவரிடமே மரியாதையாகச் சொல். கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைத்து, பால் நிறுத்திய வீடுகளுக்கு அவரே போய் விளக்கும்படி கேள். அது அவருடைய வேலைதான்.

தம்பி கல்லுக்கட்டு நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அவர் சொன்னவற்றை மறுக்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளர் வந்தால் ஆள் இல்லை என்று சொல்லாதே. அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தால் அவருக்குத் தெரிய வேண்டும். எலிப்பசை வீட்டுக்குள் வரவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை அது. கல்லீரலைக் கரைத்துவிடும், முறிமருந்து கிடையாது. நான்கு வயதுக் குழந்தை விளையாடுகிற கொல்லையில், ரொட்டித் துண்டில் தடவி வைப்பதா? என் பணிக்காலத்தில் நான் எழுதிய இறப்பு விசாரணைகளில் இன்றும் நெஞ்சை விட்டுப் போகாதவை அந்தப் பசையால் போன பிள்ளைகளுடையவை.

எலியை மட்டும் முதலில் கொன்றால் இன்னொரு கேடும் உண்டு. எலியின் மேல் வாழப் பழகிய பூச்சிகள், எலி இல்லாவிட்டால் வேறு உடம்பைத் தேடும். பிளேக் காலத்திலேயே தெள்ளுப்பூச்சியை வைத்துக் கற்ற பாடம் இது. அதனால் முதலில் புதரை வெட்டு. கொளுத்தாமல், முழுக்கை சட்டை, கால்சட்டை, காலணி போட்ட ஆளை வைத்து அடியோடு வெட்டி, வெயில் மண்ணில் படும்படி செய். இந்தப் பூச்சிக்கு ஈரமும் நிழலும் வேண்டும். காய்ந்த வெட்டவெளி ஆகாது. பிறகு விறகு அடுக்கை நகர்த்தித் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல் வைத்து அடுக்கு. தென்னை மட்டைக் குவியல் இருந்தால் அப்புறப்படுத்து. தவிட்டு மூட்டையும் பிண்ணாக்கும் எங்கே வைக்கிறாய்? மாட்டுக் கொட்டகையில் சாக்கிலேயே இருந்தால் பெருச்சாளிக்கு அதைவிட விருந்து வேறில்லை. மூடியுள்ள தகர டிரம் ஒன்று வாங்கு. இவ்வளவும் ஆன பிறகு பொறிக்கூண்டு வை. அகப்பட்டதைக் கையால் தொடாதே.

அம்மா இனிப் புல் அறுக்கப் போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். போகாமல் இருக்க மாட்டார். குந்தி உட்காராமல் அறுக்க முடியாது என்றால் ஒரு பிளாஸ்டிக் சாக்கை விரித்து உட்காரச் சொல். புல்கட்டை இடுப்பில் அணைத்துத் தூக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உடுத்திய துணியை அப்படியே சுடுநீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்கட்டும். ஏறிய குஞ்சு கடிக்க இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அதைக் கழுவிவிடலாம். துவைத்த துணியை வேலிப் புதர்மேல் உலர்த்தாதீர்கள். ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்று நினைக்காதே, வரும்.

வெள்ளைச் சீருடை:

வணக்கம் அக்கா. நான் ஓர் அரசு மருத்துவமனையில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பிரிவில் செவிலியர். ஐயா பூச்சியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் உங்கள் இன்சுலின் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

பெருங்காய்ச்சல் வந்தால் உடம்பு அதை எதிர்க்கச் சில சுரப்பிகளை முடுக்கிவிடும். அவை சர்க்கரையையும் சேர்த்து ஏற்றிவிடும். மாத்திரையில் ஒழுங்காக இருந்தவருக்கும் 300, 400 என்று போவது அதனால்தான். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் நிறுத்தி வைப்பார்கள். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறும்போதும் அது ஆபத்தாக மாறலாம். அதனால்தான் ஊசிக்கு மாற்றியிருப்பார்கள். பலருக்கு இது தற்காலிகம். தொற்று அடங்கி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு சரியான பிறகு மருத்துவர் மறுபடி மாத்திரைக்கு மாற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் 14 ஆண்டுச் சர்க்கரை என்பதால் சிலருக்கு ஊசி தொடரவும் வேண்டியிருக்கும். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை எடுத்திருந்தால் அந்த எண்ணை வைத்து, காய்ச்சலுக்கு முன்பே அம்மாவின் சர்க்கரை எப்படி இருந்தது என்று மருத்துவர் கணித்துவிடுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம்.

இப்போது உங்களுக்கு இருக்கிற உடனடி ஆபத்து சர்க்கரை இறங்குவது. இதை அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது குறித்த அளவையே இன்றும் போடுகிறீர்களா? உடம்பு தேறத் தேற அதே அளவு அதிகமாகிவிடும். அதிலும் அம்மா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், மனம் நொந்து சரியாகச் சாப்பிடாமலும் இருக்கலாம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். மறுபடி காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து நீங்கள் பயந்துவிடுவீர்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். காலை வெறும் வயிற்று அளவையும் இரவு அளவையும் ஒரு நோட்டில் எழுதி, இந்த வாரமே காட்டுங்கள்.

டாக்ஸிசைக்கிளின் மாத்திரை இன்னும் மீதி இருக்கிறதா? இருந்தால் ஒன்றுகூட விடாமல் முடிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும். தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரையையும் நெஞ்செரிச்சல் மருந்தையும் அதே நேரத்தில் கொடுக்காதீர்கள்.

இரண்டு மருந்தையும் சேர்த்து ஏற்றினார்கள் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. முன்பெல்லாம் இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பார்கள். கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது மேலானது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று, இந்திய மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு காட்டியது. 2023-ல் வெளியானது. உங்கள் அம்மா பிழைத்த மருந்து உங்கள் மாவட்டத்திலேயே கண்ட வழி அக்கா.

அந்தப் பொருக்கைப் பார்க்காமல் விட்டதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். எல்லா நோயாளிக்கும் பொருக்கு இருக்காது. இருந்தாலும் நம் பெண்களுக்கு அது பெரும்பாலும் மார்பிலும் வயிற்றிலும் இடுப்பிலும், துணிக்குள் மறைந்தே இருக்கும். நாங்கள் பயிற்சிக்கு வரும் மாணவியருக்கு முதலில் சொல்வதே, காய்ச்சல் நோயாளியின் நாடாவை அவிழ்த்துப் பார் என்பதுதான். உங்கள் அம்மாவைப் பார்த்த செவிலியர் யாரிடம் பயின்றாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

அம்மாவின் மாதாந்திரச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருமே, வருகிறதா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வரவில்லை என்றால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வரும் தன்னார்வலரிடம் கால் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லுக்கட்டு:

ஐயா, எலிப்பசை பற்றி நீங்கள் சொன்னது என்னைச் சுட்டுவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒன்று பரண்மேல் இருந்தது, எடுத்துவிட்டேன். எப்படி அப்புறப்படுத்துவது? குப்பையில் போடலாமா?

பழைய சுகாதார ஆய்வாளர்:

குப்பையில் போடாதீர்கள் தம்பி, நாயோ பிள்ளையோ கிளறும். கிணற்றிலும் சாக்கடையிலும் போட வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, திறக்காமல் பாலித்தீன் பையில் கட்டி, பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டு உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். எடுத்துப்போக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பரணிலிருந்து எடுத்ததற்கு நன்றி.

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க முடியவில்லை. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

வெள்ளைச் சீருடை சகோதரி சொன்னது போலவே நடந்தது. அன்றிரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இயந்திரத்தில் பார்த்தால் 58. உங்கள் பதிலைப் படிக்காமல் இருந்திருந்தால் காய்ச்சல் வியர்வை என்று போர்த்திப் படுக்க வைத்திருப்பேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், தெளிந்துவிட்டார். மறுநாள் நோட்டோடு போனோம். மருத்துவர் ஊசி அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். கிரியேட்டினின் பரிசோதனைக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு மாத்திரைக்கு மாற்றலாமா என்று சொல்வாராம்.

ஐயா, நீங்கள் சொன்ன பூச்சிக் கதையை அண்ணியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் நேற்று மத்தியானம் பையன் தானாகவே ஓடிவந்து அம்மாவின் மடியில் படுத்துவிட்டான். அண்ணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். கிராமச் சுகாதாரச் செவிலியர் ஏழு வீடுகளுக்கும் போனார். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பாலில் காபி போட்டுக் குடித்தாராம். மூன்று வீடுகள் மறுபடி சொம்பு அனுப்பியிருக்கின்றன. நான்கு வீடுகள் இன்னும் இல்லை. புதர் வெட்டியாயிற்று. டிரம் வாங்கியாயிற்று. வளையிலிருந்து இரண்டு பெருச்சாளிகள் கூண்டில் விழுந்தன.

இதையெல்லாம் நாளைக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை கோடி வீட்டு அக்கா வந்தார். பால் நிறுத்திய வீடுகளில் முதல் வீடு அவருடையதுதான். அவர் கணவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், தலைவலி. அம்மா புல் அறுக்கும் அதே ஏரி வரப்பில்தான் அவர் நிலத்துக்கு நீர் பாய்ச்சுவார். "நீ வந்து ஒருமுறை பார்க்கிறாயா?" என்று கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போனேன். சட்டையைக் கழற்றச் சொல்லி, கைப்பேசி விளக்கில் காதுக்குப் பின்னால், கழுத்தில், முதுகில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வலது கையைத் தூக்கச் சொன்னேன். அக்குளில், முடிக்கு நடுவில், மிளகு அளவில் கறுப்பாக இருந்தது.

இப்போது ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருக்கிறோம். சீட்டு எண் 17. பன்னிரண்டு வரை அழைத்துவிட்டார்கள். பொருக்கு இருக்கும் இடத்தையும் ஏரி வரப்பில் வேலை செய்ததையும் ஒரு தாளில் எழுதி அக்காவின் கையில் கொடுத்திருக்கிறேன். மருத்துவர் பார்த்ததும் வந்து எழுதுகிறேன்.